சுண்டிக்குளம்: எண்ணாமல் விட்ட வருடங்கள்

தை மாதத்து விடியப்புறம். நாலு பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், இரவல் வாங்கின ஒரு பைனாகுலர். வடமராட்சி கிழக்கில் கட்டைக்காடு தாண்டிப் போய்ச் சுண்டிக்குளக் கடனீரேரிக் கரையில் நின்றோம். தூரத்தில் தண்ணிக்கு மேலே வெளிறின ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. கானல் எண்டுதான் முதலில் நினைச்சம். கோடு அசைந்தது. பூநாரைகள். அலகைத் தலைகீழாகத் தண்ணிக்குள் கவிழ்த்து, வடிகட்டி வடிகட்டித் தின்றுகொண்டு நின்றன.

எண்ணத் தொடங்கினோம். ஒருத்திக்கு முந்நூறு, இன்னொருவனுக்கு நானூற்றைம்பது. சண்டை முற்றிய நேரம், பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா சிரித்தார். "பிள்ளையள், உந்தப் பைனாகுலரைக் கழுத்தில போட்டுக்கொண்டு அந்தக் காலத்தில இதில நிண்டிருந்தா, ரெண்டு பக்கத்தாலயும் உங்களை விசாரிச்சிருப்பாங்கள்."

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. திரும்பி வந்து இந்தத் தண்ணியின் கதையைத் தேடத் தொடங்கினோம்.

சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது 1938 பெப்ரவரியில். அதற்கு முந்தின வருடம்தான் காட்டு விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. கொழும்பில் எழுதப்பட்ட சட்டம். கரையில் வலை வீசினவர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்பது எங்கள் சந்தேகம். இலங்கைப் பறவைகளைப் பற்றிய அந்தக் காலத்துப் பெரிய நூல்களும் ஆங்கிலத்திலேயே வந்தன. அவற்றில் ஒன்றை 1870களின் கடைசியில் எழுதிய வின்சென்ட் லெக், பிரித்தானிய பீரங்கிப் படை அதிகாரி. இந்த நாட்டில் பறவை பார்த்தலும் படையும் அப்போதே ஒன்றையொன்று அறிந்திருக்கின்றன.

இதே தண்ணிக்கு இன்னொரு கனவும் இருந்தது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு இரணைமடுவுக்குக் கீழே ஓடிவந்து இந்த ஏரியில்தான் விழுகிறது. ஆனையிறவில் பாலத் திறப்புகளை மூடி, சுண்டிக்குளத்தில் கடலோடு சேருகிற வாயையும் அணையால் அடைத்தால், மாரி வெள்ளம் உப்பை மெல்லமெல்லக் கழுவி ஏரியை நன்னீராக்கும். அந்த நீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி ஏரிக்குக் கொண்டுபோகலாம். அங்கிருந்து நிலத்தடிக்கு இறங்கி யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அது காப்பாற்றும். இதுதான் யோசனை. கொஞ்ச வேலையும் நடந்தது. ஆனையிறவில் அடைத்தார்கள், சுண்டிக்குளத்தில் அணை கட்டினார்கள். பிறகு வெள்ளம் அணையை உடைத்தது, வாய்க்கால் அரைகுறையாய்க் கிடந்தது.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே பிளவு. பூநாரை தின்பது உவர்நீரில் பெருகுகிற சின்ன உயிரிகளையும் பாசியையும். ஏரி முழுக்க நன்னீராகியிருந்தால் நாங்கள் பார்த்த அந்த ரோஸ் கோடு அங்கே நின்றிருக்குமா? நிற்காது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் எங்களில் ஒருத்தியின் வீட்டுக் கிணறு கோடையில் வாயில் வைக்கேலாத உப்பு. "குருவிக்காக நான் பவுசர் தண்ணி குடிக்கோணுமோ?" எண்டு கேட்டாள். பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. சூழலியல் பேசுகிற எங்கள் வயதுக்காரர் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போகிறார்கள்.

பிறகு போர். 1991 யூலையில் ஆனையிறவு முகாமைச் சுற்றி நடந்த சண்டையில், முகாமைக் காப்பாற்றப் படை வெற்றிலைக்கேணியில் கடல் வழியாகத் தரையிறங்கியது. சரணாலயத்துக்குப் பக்கத்துக் கரை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் விழுந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி இதே கரை ஊர்களை வழித்துக்கொண்டு போனது. 2009 ஜனவரியில் இராணுவம் ஆனையிறவைத் திரும்பவும் பிடித்தது. சரணாலயம் என்றால் அடைக்கலம் தேடுகிற இடம். அந்தச் சொல் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. கரையில் இருந்த சனம் அடைக்கலம் தேடி வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நாடு நாடாக எண்ணுவார்கள். போர்க்கால வடக்கில், சமாதானத்தின் சின்ன இடைவெளி தவிர, ஒழுங்காக வந்து எண்ணக்கூடிய நிலை இருக்கவில்லை. அதற்காகப் பறவை வராமல் விட்டதா? எண்ணுகிறவர்கள்தான் வரவில்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் படிவம் இல்லை. ஆவணத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று எழுதிவிடுகிற பழக்கம் எங்கள் பாடத்திலும் இருக்கிறது.

2015 யூனில் சுண்டிக்குளம் எல்லை பெருப்பிக்கப்பட்டுத் தேசியப் பூங்காவானது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், தேசியப் பூங்கா அப்படியில்லை. உள்ளே போக அனுமதி வேண்டும். தன் வாடி எல்லைக்கு எந்தப் பக்கம் என்று ஐயாவுக்குச் சரியாக விளங்கவில்லை. "குருவி எனக்கு எதிரியில்லைத் தம்பி. அது எங்க இறங்குதோ அங்க றால் நிக்கும். அதைப் பாத்துத்தான் நாங்கள் வலை போடுறது" என்றார்.

போரின் நடுவிலும் பூநாரை வந்ததா என்று கேட்டோம்.

"வராமல்? செல் விழேக்க எழும்பும். ஒருக்காச் சுத்திப்போட்டுத் திரும்ப இறங்கும். ஒரு மாரி வந்தது போல நான் பிறகு ஒருநாளும் காணேல்லை. தண்ணியே தெரியேல்லை."

எந்த வருடம் என்று கேட்டோம். வலையை மடியில் போட்டு யோசித்தார். வருடம் வரவில்லை. "நாங்கள் ரெண்டாந்தரம் இடம்பெயர்ந்ததுக்கு முந்தின மாரி" என்றார்.

எங்கள் கொப்பியில் திகதிக்கான நிரலில் அதை அப்படியே எழுதினோம். எண்ணிக்கை என்ற நிரலில்: 'தண்ணி தெரியேல்லை.'