மஞ்சள் நீரும் பெற்றோர் இசைவும்: வன்னியில் மகவேற்புச் சட்டம் கடந்து வந்த வழி

பிள்ளையில்லாதார் பிறர் பிள்ளையை எடுத்து வளர்த்தல் எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அவ்வாறு எடுத்துக்கொள்ளுங்கால் யாருடைய இசைவு வேண்டும் என்ற வினாவுக்கு மட்டும் எல்லா நாடும் ஒரே விடை கூறவில்லை. ஒரே நாடுதானும் எல்லாக் காலத்திலும் ஒரே விடை கூறியதில்லை. வன்னி நிலத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

ஒல்லாந்தர் காலத்தில் வன்னிப் பற்றுக்கள் யாழ்ப்பாணப் பட்டினத்து ஆட்சிப் பரப்புக்கு உட்பட்டனவாகக் கொள்ளப்பட்டன. பனங்காமம், முள்ளியவளை முதலிய பற்றுக்களின் வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்த வேண்டியவர்கள். செலுத்துவதில் அவர்கள் எப்போதும் ஆர்வம் காட்டினர் என்று சொல்வதற்கில்லை. தேசாதிபதி கோர்ணேலிஸ் யோவான் சீமோன்ஸ் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பாக்கினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது; அவர்களும் அதனை ஏற்றனர். அதுவே தேசவழமை. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கில அரசு அதற்குச் சட்ட வலு அளித்தது. அதற்கு மூன்றாண்டுகளின் முன், 1803 ஒக்ரோபர் 31ஆம் நாள், கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டிருந்தான்.

தேசவழமையில் பிள்ளை எடுத்தலுக்கென ஒரு பகுதி உண்டு. பிறர் பிள்ளையை வளர்த்துத் தம் சொத்துக்கு உரிமையாக்க விரும்புவோர், முதலில் தம் சகோதர சகோதரிகளின் இசைவையும், அவர்கள் இல்லாவிடில் தமக்குப்பின் சொத்தை அடையக்கூடிய நெருங்கிய உறவினரின் இசைவையும் பெறல் வேண்டும். பின்னர், சுற்றத்தாரும் ஊர்த்தலைவரும் கூடிய சபையில் மஞ்சள் நீர் அருந்தும் சடங்கு நிகழும். இசையும் உறவினர் அந்நீரில் விரலைத் தோய்ப்பர். இசையாதவர் தோய்க்காது நிற்பர். தோய்க்காது நின்றவரின் உரிமைப் பங்கு அழிவதில்லை. (ஆங்கில மொழிபெயர்ப்பு இதனைக் குங்குமப்பூ நீர் எனக் குறிக்கின்றது. வன்னியில் ஏது குங்குமப்பூ? அது நம் வீட்டு மஞ்சளே.) எழுத்தறிவு சிலரிடமே இருந்த காலத்தில், ஊரார் கண்முன் ஈரமான விரலைவிட உறுதியான கையொப்பம் வேறு எது இருந்திருக்கும்?

ஈண்டு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இச்சடங்கில் தேடப்பட்டது வாரிசுகளின் இசைவு. ஈன்ற தாயின் சொல்லுக்கு அச்சடங்கில் நடுவிடம் இல்லை. சட்டத்தின் கவலை காணியையும் தோட்டத்தையும் பற்றியது. பிள்ளையின் நலம் அதற்குத் துணைப்பொருள். இது யாழ்ப்பாணத்துக்கோ வன்னிக்கோ மட்டும் உரிய குறையன்று. இராமநாதபுரம் சேதுபதி மரபில் எழுந்த புகழ்பெற்ற வழக்கில் 1868ஆம் ஆண்டு இலண்டன் கோமறைக் கழகம் அளித்த தீர்ப்பும் இவ்வகையினதே. கணவன் அனுமதி விட்டுச் செல்லாவிடினும் கைம்பெண் ஒருத்தி அவன் பங்காளிகளின் இசைவோடு மகவேற்கலாம் என்பது அதன் சாரம். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கேட்கப்பட்ட கேள்வி, சொத்து யாருக்குப் போகிறது என்பதேயாம்.

தேசவழமைக்கு உட்படாதாரின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம் மகவேற்பை அறியாது. எத்துணை அன்போடு வளர்த்தாலும் வளர்ப்புப் பிள்ளை சட்டத்தின் கண்ணுக்கு வேற்றாளே. பிற்காலத்தில் குடியேற்றத் திட்டங்களாலும், இனக்கலவரங்களுக்கு அஞ்சி வந்த மலையகத் தமிழராலும் வன்னியின் குடித்தொகை பலவகைப்பட்டது. எனவே, அங்கு ஒரே கிராமத்தில் அயல்வீட்டார் இருவர் வெவ்வேறு சட்டத்தின்கீழ் வாழ்தல் புதுமையன்று.

இவ்வேறுபாட்டைக் கடந்து நிற்பது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டம். இங்கிலாந்தின் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் அதிற் பெரிதும் காணப்படும். மகவேற்பு இனி ஊர்ச்சபையின் செயலன்று, நீதிமன்றத்தின் கட்டளை. ஏற்பவர் 25 வயதைக் கடந்தவராகவும், பிள்ளையினும் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். நெருங்கிய இரத்த உறவு போன்ற நேர்வுகளில் இவ்வயது இடைவெளி தளர்த்தப்படும். பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் இசைவும் கேட்கப்படும். கைம்மாறாகப் பணம் கொடுத்தலும் வாங்கலும் நீதிமன்ற அனுமதியின்றி ஆகா. எல்லாவற்றிலும் மேலாக, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவு முதன்முறையாக நடுவிடத்துக்கு வந்தது. மஞ்சள் நீரில் விரல் தோய்த்த பங்காளி விலகினான், பெற்றவள் முன்வந்தாள்.

ஆயினும் எழுத்தில் உள்ள இசைவு எப்போதும் மெய்யான இசைவாகாது. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற குழந்தைகள் சுமார் 11,000 பேர் என்பர். அவர்களுட் பலரின் பத்திரங்கள் பொய்யானவை என்பதும், பெற்ற தாய்போல் நடித்த பெண்கள் கூலிக்கு முன்னிறுத்தப்பட்டனர் என்பதும் பின்னாளில் வெளிப்பட்டன. சுவிற்சர்லாந்து அரசு 2020ஆம் ஆண்டில் தன் அதிகாரிகளின் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021ஆம் ஆண்டில் வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. இலங்கை இதற்கு முன்னரே விழித்துக்கொண்டு, 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வெளிநாட்டார் மகவேற்பை இறுக்கியது. 1995ஆம் ஆண்டில் ஹேக் உடன்படிக்கையையும் ஏற்றது. வாங்கிய கையொப்பம் எத்தகையது என்று ஆராயாத சட்டம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை அக்குழந்தைகள் இன்று வளர்ந்தவர்களாய்த் தாயைத் தேடி வருதல் காட்டுகின்றது.

வன்னியில் எழுந்த இடர் வேறு வகையது. அங்கே இசைவு பொய்யாக்கப்படவில்லை. இசைவு தர வேண்டியவரே இல்லாமற் போயினர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையை அழித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அவசரமாகப் பிறர்கைப் படாதிருக்க, 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் அவர்களைப் பதிந்து பாதுகாக்க வழி வகுத்தது. அக்காயம் ஆறுமுன் போர் முற்றியது. 2009 மே மாதத்தில் அது முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியா மாவட்ட முகாம்களில் இருந்தனர். கூட்டத்தில் கை நழுவிய பிள்ளைகளும், பிள்ளையைத் தேடும் பெற்றோரும் அவர்களுள் அடங்குவர். அவ்வாண்டின் இறுதியில் வவுனியாவில் அரசாங்க அதிபரின்கீழ், யுனிசெப் உதவியோடு, குடும்பத்தைத் தேடி இணைக்கும் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது.

1941ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வாயிலை வைத்துள்ளது. இசைவு தர வேண்டியவர் பிள்ளையைக் கைவிட்டவராயின், அல்லது அவரைக் கண்டுபிடிக்க முடியாதாயின், நீதிமன்றம் அவ்விசைவை வேண்டாது விடலாம். இலண்டனிலோ கொழும்பிலோ அமர்ந்து அதனை வரைந்தோர் மனத்தில் இருந்தவர், ஊரைவிட்டு ஓடிய தந்தையோ முகவரி தெரியாத தாயோ ஆகலாம். வன்னியில் காணாமற்போனவர் ஓடிப்போனவர் அல்லர். அவரது மனைவி, தாய், தமக்கை ஆகியோர் அவர் திரும்புவார் என்றே காத்திருக்கின்றனர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017ஆம் ஆண்டில் தெருவோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கியவர்களும் இவர்களே. கண்டுபிடிக்க முடியாதவர் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தல் அவர்களுக்கு மரணத்தை ஒப்புக்கொள்ளுதல் போன்றது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணப் பதிவு செய்ய வழி தந்தபோது பலர் அதனை நாடாமைக்கு இதுவே காரணம். 2016ஆம் ஆண்டின் திருத்தம், இறந்தார் என்று கூறாமலே அவர் காணப்படவில்லை என்பதற்குச் சான்றிதழ் வழங்க இடமளித்தது. இந்த நுண்ணிய வேறுபாடு சட்டப் புத்தகத்தில் ஒரு சொல். வீட்டிலோ விளக்கேற்றுவதா, காத்திருப்பதா என்ற கேள்வி.

ஆகவே வன்னியில் அம்மம்மாவிடமும் பெரியம்மாவிடமும் வளரும் பிள்ளைகள் பலர் மகவேற்புக் கட்டளை எதுவுமின்றியே வளர்கின்றனர். பாடசாலை அனுமதிக்கும் அடையாள அட்டைக்கும் பாதுகாவலர் யார் என்ற கேள்வி எழும்போதுதான் அவர்கள் கிராம அலுவலரை நாடுகின்றனர். காணியுறுதி எழுதும்போது சிக்கல் பெரிதாகின்றது. மகவேற்கப்பட்ட பிள்ளை ஏற்றவரின் சொத்துக்கு உரித்தாளியாகலாம். ஆனால் ஏற்றவரின் உறவினர் சொத்து மரணசாதனமின்றி அதற்கு வந்து சேராது. கட்டளையே பெறாத பிள்ளைக்கு அம்முதல் உரிமைதானும் இல்லை. தாய்மாமன் வெட்டிய காட்டுக்காணியில் விளைந்ததை உண்டு வளர்ந்த பிள்ளை, அக்காணிக்கு வேற்றாளாய் நிற்கும்.