ஷட்டருக்குள்ளே ஒரு ஆள் எடை

இந்த முறை ராஜா, ராணி, போர் எதுவும் கிடையாது. ஒரு கம்பிச் சுருளின் வரலாறு. படித்துவிட்டு "இதுக்கெல்லாமா வரலாறு?" என்று கேட்பவர்கள் எங்க மாமாவின் வலது கையை வந்து பார்க்கலாம்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூர். முன்பக்கம் கடை, பின்னால் வீடு. போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை கடைக்குள் "டொம்"மென்று ஒரு சத்தம். பாட்டி கேஸ் சிலிண்டர் என்றாள், நான் மிச்சம் வைத்த தீபாவளி வெடி என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஷட்டர் ஸ்பிரிங் உடைந்திருந்தது. தினமும் மாமா ஒரு கையால் தூக்கும் ஷட்டர், அன்று இரண்டு பேர் பிடித்தும் ஒரு ஜாண் கூட ஏறவில்லை. ஒரே ராத்திரியில் இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

தாத்தா காலத்தில் அந்தக் கடைக்கு ஷட்டர் கிடையாது, பலகைதான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய கடைகளில் பார்த்திருப்பீர்கள். மேலேயும் கீழேயும் பள்ளம் வெட்டிய சட்டம், அதில் ஒவ்வொன்றாக நிறுத்தித் தள்ளும் பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் எண் எழுதியிருக்கும். ஏழாம் பலகையை ஐந்தாம் இடத்தில் வைத்தால் கடைசிப் பலகை உள்ளே போகாது. எங்கள் கடைக்குப் பதினொரு பலகை. மொத்தத்தையும் சேர்த்து நிறுத்தால் இன்றைய ஷட்டர் எடைக்கு ரொம்பக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு பலகைதானே தூக்கணும். கடைப்பையன் காலையில் பதினொரு நடை, ராத்திரி பதினொரு நடை நடப்பான். எடை கண்ணுக்குத் தெரிந்தது.

இரும்புப் பட்டைகளைக் கோர்த்துப் பாய் மாதிரி சுருட்டும் யோசனை லண்டன் கடைத்தெருவில் 1830களிலேயே வந்துவிட்டது. ஆனால் அவற்றைக் கைப்பிடியும் பல்சக்கரமும் வைத்துச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். தானாகச் சுருளும் ஷட்டருக்கு ஸ்பிரிங் வேண்டியிருந்தது. அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு விதியும், ஒரு நல்ல கம்பியும் வேண்டியிருந்தன.

விதி நமக்கு பிளஸ் ஒன்னில் வந்ததுதான், ஹூக் விதி. ராபர்ட் ஹூக் அதை 1660லேயே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் வேறு யாரும் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று 1676ல் அதைப் பதினான்கு எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராகத்தான் வெளியிட்டார்! விடையைச் சொன்னது 1678ல். எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவு விசை, அவ்வளவுதான். (நம்ம கிளாசில் ரெக்கார்டு நோட்டை மறைத்து வைப்பவர்களுக்கு இவர்தான் முன்னோடி.) முறுக்கும் ஸ்பிரிங்குக்கும் இதே கணக்கு. இரண்டு மடங்கு முறுக்கினால் இரண்டு மடங்கு எதிர்ப்பு.

ஷட்டருக்கு இது எப்படிப் பொருந்துகிறது பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஷட்டர் மேலே சுருண்டிருக்கும்போது தொங்கும் எடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இறக்க இறக்கப் பட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தொங்கும் எடை கூடிக்கொண்டே போகும். அதே நேரத்தில் உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போகும். எடை ஏறும் அளவும் முறுக்கு ஏறும் அளவும் சேர்ந்தே ஏறுகின்றன. அதனால்தான் நல்ல ஷட்டரைப் பாதியில் விட்டால் பாதியிலேயே நிற்கும். அமெரிக்காவில் 1921ல் சி.ஜி. ஜான்சன் உருவாக்கிய மேலே மடங்கி ஏறும் கார் ஷெட் கதவிலும் எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான்.

கம்பியின் கதை வேறு. சாதாரண இரும்புக் கம்பியை முறுக்கினால் முறுக்கியபடியே இருந்துவிடும். 1854ல் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் என்பவர் எஃகுக் கம்பியைக் குறிப்பிட்ட சூட்டில் பதப்படுத்தி, பிறகு இழுத்து மெலிதாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் பியானோவுக்குத்தான் போனது. 1866ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிளின் மேலுறைக்கும் அவர்கள் கம்பிதான். இன்று நம் அரசு கட்டடங்களுக்கான ஒப்பந்த விவரத்தில் ஷட்டருக்கு 27.5 செ.மீ. நீள ஸ்பிரிங், உயர் வலிமை எஃகுக் கம்பியில் என்று எழுதியிருக்கும். ஷட்டருக்கென்றே ஐ.எஸ். 6248 என்று ஒரு இந்தியத் தரமும் உண்டு, 1979ல் திருத்தியது. 10 சதுர மீட்டருக்கு மேல் போனால் கையால் தள்ளுவது ஆகாது, சங்கிலி போட வேண்டும்.

எங்கள் ஷட்டர் எட்டடிக்கு எட்டடி, சுமார் 6 சதுர மீட்டர். 1.25 மி.மீ. தகடு மடிப்புகளோடு சேர்த்து 80 கிலோவை நெருங்கும். மூடிய ஷட்டரைத் திறக்கும்போது அந்த எடை சராசரியாக நாலடி உயர்கிறது. அப்படியானால் மூடிய ஷட்டரின் ஸ்பிரிங்குகளில் இருப்பது, 80 கிலோ ஆள் ஒருவர் நாலடி உயரத்திலிருந்து குதித்தால் வரும் சக்தி. பலகைக் காலத்தில் பையன் தோளில் இருந்த எடை எங்கேயும் போய்விடவில்லை. குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது மாமா. இந்த ஊரில் ஸ்பிரிங் என்றால் யாருக்கும் பயமில்லை. 1948ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955ல் அசோக் லேலண்டாக மாறிய எண்ணூர் ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். லாரி பட்டையைத் தட்டிக் கத்தி செய்வார்கள், மீன் வெட்டுவார்கள். மாமா முதலில் சொன்னது, "உடைஞ்ச இடத்துல ஒரு வெல்டிங் வெச்சா முடிஞ்சுது." முடியாது. ஹார்ஸ்ஃபால் காலத்திலிருந்து கம்பிக்கு வலிமை கொடுப்பதே அந்தப் பதமும் இழுப்பும்தான். வெல்டிங் சூட்டில் அந்த இடம் மட்டும் பதம் போய்விடும். ஒட்டு நிற்கலாம், பக்கத்தில் மறுபடி உடையும்.

அடுத்து யூடியூபில் ஒரு அமெரிக்க வீடியோ பார்த்தார். அங்கே ஸ்பிரிங் வெளியே தெரியும்படி இருக்கும், முனையில் ஓட்டை போட்ட கூம்பு, இரண்டு கம்பியை மாற்றி மாற்றிச் செருகிக் கால் சுற்று கால் சுற்றாக அவிழ்க்கிறார்கள். நம்முடையது அப்படியில்லை. நடுவில் குழாய், அது இரு பக்கமும் பிராக்கெட்டில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும். அதன்மேல் புல்லிகள், புல்லிக்குள் ஸ்பிரிங்குகள். எங்கள் ஷட்டரில் நாலு. உடைந்தது ஒன்று. மீதி மூன்றும், ஷட்டர் மூடியிருந்ததால், முழு முறுக்கில் இருந்தன.

மாமா ஏணியில் ஏறி, குழாயில் பைப் ரென்ச்சை மாட்டிவிட்டு, கிளாம்ப் நட்டைக் கழற்றினார். குழாய் சுற்றியது, ரென்ச்சும் கூடவே. மணிக்கட்டில் இரண்டு எலும்பு. தலையில் பட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் வந்த ஷட்டர் மெக்கானிக் நட்டைத் தொடவே இல்லை. முதலில் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு, கடப்பாரையால் நெம்பி ஷட்டரை முழுக்க மேலே ஏற்றினார். இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தார். மேலே போனால் முறுக்கு அவிழ்ந்துவிடும் இல்லையா? மிச்சமிருந்த கொஞ்சத்தை இரண்டு ரென்ச் வைத்து, ஒன்று பிடிக்க ஒன்று விட, மெதுவாக இறக்கினார். பிறகுதான் கிளாம்ப், கயிறு கட்டிக் குழாயைக் கீழே இறக்குவது எல்லாம். நாலு ஸ்பிரிங்கையும் மாற்றச் சொன்னார். உடையாத மூன்றையும் துடைத்துக் காட்டினார். அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகத் துரு. கடற்காற்றின் உப்பு வைக்கும் குழி அது. தினம் முறுக்கி அவிழும் கம்பியில் விரிசல் அந்தக் குழியில்தான் பிறக்கும். அமெரிக்கக் கதவு ஸ்பிரிங்குக்குச் சாதாரணமாக 10,000 முறை என்று ஆயுள் சொல்கிறார்கள். மதியமும் சாத்தித் திறக்கும் எங்கள் கடைக்கு அது பதிமூன்று வருஷத்துக்கு மேல். உப்பு அவ்வளவு நாள் விடாது. "வருஷம் ரெண்டு வாட்டி கிரீஸ் வைங்க" என்றார்.

புது ஸ்பிரிங் போட்டுக் குழாயை மூன்று சுற்று முறுக்கி இறுக்கியதும், ஷட்டரைப் பாதியில் விட்டுக் கையை எடுத்தார். நின்றது. ஹூக்கின் பதினான்கு எழுத்தும் ஞாபகம் வந்தது எனக்கு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமா வழக்கம்போல ஒரு கையாலேயே ஷட்டரைத் தூக்கினார். இடது கையால். வலது கையில் மாவுக்கட்டு. "அந்தப் பலகையெல்லாம் பரண்மேலதான்டா இருக்கு" என்றாள் பாட்டி.