அம்பாஸடர் அடம்பிடிக்குதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே கண்டுபிடிக்கலாம்!

'அம்பி' என்று செல்லமாகக் கூப்பிட்டாலும், அம்பாஸடர் பிறவியிலேயே பிரிட்டிஷ் கார். 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3' காரை அடிப்படையாகக் கொண்டு கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. 1950-களின் இறுதியில் ஆரம்பித்த தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் தாத்தா வாங்கிய அம்பாஸடரை விற்க மனசில்லாமல் ஷெட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

பிரச்னை என்னவென்றால், இன்றைய மெக்கானிக்குகளில் பலருக்கு ஸ்கேனரை மாட்டினால்தான் வண்டியின் வியாதி தெரியும். அம்பாஸடரில் ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. பாயின்ட், கண்டென்சர், கார்புரேட்டர் எனப் பழகிய கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கும் வேலையையாவது நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய மாடல்களை மனதில் வைத்து இந்த வழிமுறைகளைப் பார்ப்போம்.

முதல் விதி: ஒரு நேரத்தில் ஒரு வேலை

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்றே விஷயங்கள் வேண்டும். சரியான நேரத்தில் ஸ்பார்க், சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதுமான கம்ப்ரெஷன். வண்டி நின்றுபோனால் இந்த மூன்றில் எது இல்லை என்பதுதான் கேள்வி. பிளக், காயில், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால், எது கெட்டுப்போயிருந்தது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது.

செல்ஃப் அடிக்கலையா?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் சட்டென மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினலில் பூ பூத்திருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் இறுகியிருக்கலாம். லைட் மங்காமல் அப்படியே எரிந்து, செல்ஃப் மட்டும் சத்தமே போடவில்லை என்றால் ஸ்விட்ச், சாலிடனாய்டு, ஸ்டார்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். பேட்டரியில் இருந்து பாடிக்கும், பாடியில் இருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயர்களையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். புது பேட்டரி வாங்கும் செலவு சில சமயம் இதிலேயே மிச்சமாகும்.

செல்ஃப் சுத்துது... ஸ்டார்ட் ஆகலை!

முதலில் ஸ்பார்க். ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜினில் படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒயரை வெறும் கையால் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். பளிச்சென்ற நீல நிற ஸ்பார்க் வந்தால் நல்லது. மஞ்சளாக, நோஞ்சானாக வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள்.

பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மி.மீ இருக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். இரண்டையும் ஃபீலர் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும், கண் திட்டம் உதவாது. பாயின்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சர் மேல் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் மட்டும் அடம்பிடித்தால் மூடிக்குள் ஈரமோ, மெல்லிய விரிசலோ இருக்கும்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். காயிலின் நடு ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிடுங்கள். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால், பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஃபில்டர், பம்ப் டயாஃப்ரம், டேங்க்கில் சேர்ந்த துரு என்று வரிசையாகப் பாருங்கள்.

எஸ்.யு. கார்புரேட்டர் என்றால் இன்னொரு எளிய சோதனை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று கீழே விழ வேண்டும். பாதியில் சிக்கினால் சுத்தம் செய்ய வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறினால் மேலே இருக்கும் டேஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடானதும் நின்னுடுது... அரை மணி நேரத்தில் தானா சரியாயிடுது!

பழைய கார்க்காரர்களைப் பாடாய்ப் படுத்தும் புகார் இது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி அடைப்பது ஒன்று. சூடானால் மட்டும் வேலை செய்யாத காயில் அல்லது கண்டென்சர் இன்னொன்று. ஆறிய பிறகு மெக்கானிக் வந்து பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கும். எனவே, வண்டி நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் காயில், கண்டென்சர். இருந்தால் பெட்ரோல் பக்கம்.

கொதிக்குதா?

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு தண்ணீர் அளவு, ஃபேன் பெல்ட் இறுக்கம், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் என்று பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான் சரி. ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளந்து, குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். ரிங் என்றால் பெரிய செலவு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். இந்தச் சின்னச் சோதனை செய்யாமல் முழு இன்ஜினையும் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

பிரேக்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

ஓடாத வண்டி ஷெட்டில் நிற்கும், அவ்வளவுதான். நிற்காத வண்டி உயிரை எடுக்கும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உள்ள பழைய மாடல்களில் பிரேக் லைன் ஒரே சர்க்யூட்தான். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பல மாதம் நின்ற வண்டியை எடுக்கும்போது இன்ஜினுக்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் காற்று. ஒரே அழுத்தமாக மிதித்து வைத்திருக்கும்போது மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கிறது என்றால் லைனிங் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் குறைந்தால் அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயில் ஊற்றக் கூடாது. ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போகும்.

ஸ்டீயரிங் ஆடுகிறதா? முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின், ட்ரன்னியன் புஷ். கிரீஸ் நிப்பிள்களை மறந்ததன் விலை இது.

பெட்ரோல் ஹோஸ் கவனம்!

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அம்பாஸடர் காலத்து ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், டயாஃப்ரம் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடித்து, சூடான இன்ஜின் மேல் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிட்டு, கையோடு ஒரு தீயணைப்பான் வாங்கி வண்டியில் வையுங்கள்.

கழற்றியதைத் தூக்கிப் போடாதீங்க

50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருக்கும் கார்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. உங்கள் வண்டியும் அந்த வயதை எட்டலாம். ஒரிஜினல் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், மீட்டர் எதைக் கழற்றினாலும் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை கடைகளில் உதிரிபாகம் தேடும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, டேஷ்போர்டில் ஒரு நோட்டு வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில், என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை வண்டி அடம்பிடிக்கும்போது, மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டில் இருக்கும் விவரங்களைத்தான்.