சங்ககிரித் துர்க்கம்

மார்டள்ளியிலிருந்து பர்கூர் மலைவழியே இறங்கி, அந்தியூரையும் பவானியையும் கடந்து, காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சேலம் நோக்கிச் செல்லும் அன்பர்கள், குமாரபாளையத்திற்கு அப்பால் சமவெளியில் தனித்தெழுந்து நிற்கும் ஒரு பெருங்குன்றைக் கண்டிருப்பார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கோ நிலபுலன் காரியமாகவோ போகும் அவசரத்தில், அதன் மேனியில் மடிப்பு மடிப்பாக ஏறிச் செல்லும் மதில்களை உற்று நோக்கியவர் சிலரே. சங்கு போன்ற வடிவினது ஆதலின் சங்ககிரி எனப் பெயர் பெற்றது என்பது மக்கள் வழக்கு. கோட்டை இடிந்துபோன பின்னும், புகைவண்டி நிலையத்தின் பெயரில் 'துர்க்கம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விசயநகர வேந்தர் காலத்தில், கி.பி. 15-ஆம் நூற்றாண்டில், இக்கோட்டை எழுந்ததாகக் கூறுவர். ஏறத்தாழ 1,500 அடி உயரமுள்ள இம்மலையில் ஒரு பக்கமாக மட்டுமே ஏறலாம். ஏனைய மூன்று பக்கங்களும் செங்குத்தான பாறைகள். ஏறக்கூடிய அந்த ஒரு பக்கத்தையும் மதிலுக்கு மேல் மதிலாக அடைத்துவிட்டார்கள். பதினான்கு மதில்கள் என்பது வழக்கு. அவை ஒருவரே ஒரு காலத்தில் கட்டியவை அல்ல. ஆள வந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கிற்குச் சேர்த்தவை. இறுதியாக எழுந்தவை ஆங்கிலேயர் காலத்தவை. ஆகவே, ஒவ்வொரு வாயிலாகக் கடந்து ஏறுவோர், சில நூற்றாண்டுக் கால அரசியலைப் படிப்படியாகக் கடக்கிறார்கள் எனலாம்.

எதற்காக இத்தனை மதில்கள்? காக்க வேண்டிய அரண்மனை ஏதும் மேலே இல்லை. இருந்தவை நெல்லும் பணமும். கொங்கு நாட்டுக் குடிகளிடம் தண்டிய வரி இங்கே சேர்த்து வைக்கப்பட்டது. உழவன் களத்திலிருந்து அளந்து கொடுத்த தானியம் அடைந்து கிடந்த களஞ்சியத்தை இன்றும் காணலாம். கோட்டை என்றால் வீரத்தையே நினைத்துப் பழகிவிட்டோம். என் மனத்தில் அதிகம் பதிந்தது அந்தக் களஞ்சியந்தான்.

17-ஆம் நூற்றாண்டில் கொங்கு நாடு மைசூர் உடையார்களின் ஆட்சிக்குள் வந்தது. பின்னர் ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் ஆண்டனர். சங்ககிரி திப்புவின் படைத்தளங்களுள் ஒன்றாயிற்று. கொங்கு வரிப்பணம் இக்கோட்டை வழியே மைசூர் சென்ற அந்நாளில், தீர்த்தகிரி என்ற இளைஞர் அதனை இடைமறித்துப் பறித்து ஏழைகளுக்கு வழங்கினாராம். "யார் பறித்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை பறித்தான் என்று சொல்" என்றாராம். ஏட்டுச் சான்றைக் காட்டிலும் மக்கள் நாவில் நிலைத்த கதை இது. 1756-இல் பிறந்த அவரே தீரன் சின்னமலை.

மைசூருக்குச் சென்ற வரியைப் பறித்தவர் என்று போற்றப்படும் அதே வீரர், பிற்காலத்தில் திப்புவுடன் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். மைசூர்ச் சீமையில் வாழும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். கொங்கன் என்றும் மைசூரான் என்றும் இன்று பிரித்துப் பேசும் பேச்சு, அவரிடம் எடுபட்டிருக்குமா என்பது ஐயமே. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். சின்னமலை ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு போரைத் தொடர்ந்தார். முடிவில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். 1805 சூலை 31-ஆம் நாள், தம்பியரோடு சங்ககிரிக் கோட்டையிலேயே தூக்கிலிடப்பட்டார். கொங்கின் வரியைக் காத்த மதில்களே, கொங்கின் மைந்தனுக்குக் கொலைக்களமாயின.

எல்லைகளின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1792-இல் நடந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சங்ககிரி மைசூரை விட்டு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கொள்ளேகால் பகுதி 1799-இல் போயிற்று. போய், கோயமுத்தூர் மாவட்டத்தின் வட்டமாக, சென்னை மாகாணத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலப் பிரிவினையில் அது மைசூர் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. ஆக, மார்டள்ளித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பாட்டன்மார் எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். எல்லைதான் அவர்கள் வயல்களைத் தாண்டிச் சென்றது. 'எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?' என்று கேட்கும் அன்பர்களுக்கு இதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

மலை ஏறிப் பார்க்க விரும்புவோர் விடியலிலேயே புறப்படுதல் நலம். வெயில் ஏறிவிட்டால் பாறை அனலாய்க் கொதிக்கும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்க. முதியோர் முதற்சில வாயில்களோடு நின்றுவிடலாம், அங்கேயே கண்ணுக்குப் போதிய விருந்து உண்டு. மலைமேல் பெருமாள் கோயிலும் இருக்கிறது. முகம்மதியர் வழிபாட்டிடமும் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாயினும், சுவர்களில் பெயர் கீறும் பெருமக்களிடமிருந்து அதனைக் காப்பார் இல்லை. சின்னமலைக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். ஆடிப்பெருக்கு நாளில் அங்கு அவருக்கு அரசு விழா எடுக்கின்றது. அதே நாளில் காவிரிக் கரையெங்கும் நம் பெண்டிர் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் இட்டு நீருக்கு வழிபாடு செய்வர். ஊருக்குப் போகும் குடும்பங்கள், நீராடிய கையோடு பிள்ளைகளை இங்கும் அழைத்து வரலாம்.

அன்று வர இயலாதவர்கள் சித்திரையில் வரலாம். படை போயிற்று, வரியும் போயிற்று. மலைமேல் உறையும் சென்னகேசவப் பெருமாள் மட்டும் ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவிற்காக அதே வாயில்களின் வழியே ஊருக்குள் இறங்கி வருகிறார். விழா முடிந்ததும், தோள் கொடுப்போர் வியர்வை சிந்த, மீண்டும் அத்தனை மதில்களையும் கடந்து மேலே போகிறார்.