கீரைச் சத்தும் கிருமிப் போரும்



சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கீரைக் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், "கீரை சாப்பிடுடா, ரத்தம் ஊறும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நினைவுக்கு வரும். அதில் உண்மை உண்டு. 1941இல் அமெரிக்க அறிஞர்கள் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்த உயிர்ச்சத்துதான் ஃபோலிக் அமிலம். 'ஃபோலியம்' என்றால் லத்தீனில் இலை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக் குழு, 1945இல் இதைச் செயற்கையாகவே தயாரித்தது.

இச்சத்தை நாம் உணவில் பெறுகிறோம். கிருமிகள் பலவோ தாமே சமைத்துக்கொள்கின்றன. சமையலுக்கான மூலப்பொருளைப் போலவே தோன்றும் போலிப் பொருளைக் கொடுத்தால் கிருமி ஏமாறும். நமக்கோ அச்சமையலே இல்லை. 'சல்ஃபா' மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1940இல் இங்கிலாந்தின் டொனால்ட் உட்ஸ் காட்டினார்.

அதே சிராங்கூன் சாலையில், பாலஸ்டியர் சாலைச் சந்திப்பருகே, 1909 வரை இருந்தது டான் டோக் செங் மருத்துவமனை. பிறகு மோல்மீன் சாலைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோய் ஊரை வாட்டியபோது நோயாளிகளுக்குப் புகலிடமானது அதுவே. 1947இல் சிங்கப்பூர்க் காசநோய் எதிர்ப்புச் சங்கமும் தோன்றியது.

சுவீடனின் யோர்கன் லேமன் 1946இல் அறிவித்த 'பி.ஏ.எஸ்.' என்னும் மருந்து அக்காலத்தில் கைகொடுத்தது. நாளொன்றுக்கு 8 முதல் 12 கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். ஆனால் ஒரே மருந்தைத் தந்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்பதால், வேறு மருந்தோடு சேர்த்தே கொடுத்தார்கள். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஐசோனியசிட்டுடன் பி.ஏ.எஸ். தந்து, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959இல் நிரூபித்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

வியப்பு என்னவென்றால், பி.ஏ.எஸ். எப்படிக் கொல்கிறது என்பது 2013இல்தான் தெளிவாயிற்று. கிருமி அதை மூலப்பொருள் என்று நம்பி, ஃபோலிக் அமிலம் செய்யும் வழியிலேயே நஞ்சாக்கிக்கொள்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்ட மருந்தின் ரகசியம் அது! இவ்வழியை அறிந்ததால் புதிய மருந்துகளை வடிவமைக்க இன்றைய ஆய்வாளர்களுக்கு வாய்ப்புக் கிடைத்துள்ளது.

எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர், "இருமல் நின்னுடுச்சு, இனி மாத்திரை எதுக்கு வாத்தியாரே?" என்றார். நின்றது இருமல்தான், கிருமியல்ல. பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அறிஞர்களின் உழைப்பு வீணாகும். பிள்ளைகளே, இதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள்!