நீலத்தில் தோய்ந்த முகம்

சென்ற வாரம் வாக்களித்தபடி 1907-ஆம் வருஷத்துக்கு, ஐரோப்பியச் சித்திரக் கலையின் அஸ்திவாரத்தையே அசைத்துவிட்ட பிக்காஸோவின் அந்த ஐந்து பெண்களின் படத்துக்கு, இன்று நாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1901-இன் இறுதியில், பிக்காஸோ தன்னைத் தானே தீட்டிக்கொண்ட ஒரு படத்தைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

கழுத்துவரை மூடிய கனத்த மேலங்கி, ஒட்டிய கன்னம், சீராக வளராத தாடி, இரத்தம் வற்றிய வெளுத்த முகம், பின்னால் ஒரு ஜன்னல்கூட இன்றி வெறும் நீலம். நாற்பதைத் தாண்டியவனென்று யாரும் சொல்லக்கூடிய அந்த மனிதனுக்கு அப்போது பிராயம் 20.

இந்தச் சோகத்தின் மூலம் கார்லஸ் காஸஜெமாஸ். 1900-இல் பிக்காஸோவோடு பார்ஸிலோனாவிலிருந்து பாரீஸ் வந்து, ஜெர்மேன் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து, அவள் இணங்காமற் போகவே, 1901 பிப்ரவரி 17 அன்று கிளிஷி வீதியில் ஓர் உணவு விடுதியில், நண்பர்கள் கூடியிருந்த மேஜையிலேயே அவளைச் சுட்டு, குறி தவறியதும் தன் நெற்றிப்பொட்டில் சுட்டுக்கொண்டு மாண்டவன் அவன். ஜெர்மேனைப் பாதகியாகச் சித்திரிப்பவர்கள் உண்டு. அது பெரும் அநியாயம். காதலை மறுப்பது குற்றமன்று. துப்பாக்கியை எடுத்தவன் அவனே.

பிக்காஸோ அப்போது மாட்ரிட்டில் இருந்தான். சில மாதங்களுக்குப் பின் பாரீஸ் திரும்பியவன், அதே வீதியில், மாண்ட நண்பன் கடைசி நாட்களில் தங்கிய அறையிலேயே குடியேறினான். முதலில் அவன் வர்ணங்கள் துக்கத்தை ஏற்கவில்லை: பிணத்தின் நெற்றிக் காயத்தைக்கூட மெழுகுவர்த்தியின் செம்மஞ்சள் ஜ்வாலையருகே தீட்டினான். பிறகுதான், ஸான் லஸார் பெண்கள் சிறையில் கண்ட கைதிகளின் முகங்களும் சேர்ந்துகொள்ள, நீலம் மெல்ல மெல்லப் பரவி எல்லாவற்றையும் மூடிற்று. காஸஜெமாஸின் மரணத்தை நினைத்தே நீலத்தில் தீட்டத் தொடங்கியதாகப் பிற்காலத்தில் பிக்காஸோவே சொன்னதுண்டு. 1903-இல் தீட்டிய ‘வாழ்க்கை’ என்ற பெரும் படத்தில், முதலில் தன் முகத்தை வரைந்திருந்த ஆண் உருவத்துக்கு காஸஜெமாஸின் முகத்தை மாற்றி வைத்ததையும் நினைத்தால், அந்த நீலத்தை வெறும் பாணி என்று சொல்லும் விமரிசகர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை.

1901-இன் அந்தச் சுயசித்திரத்தைப் பிக்காஸோ விற்கவில்லை; 1973-இல் 91-ஆம் வயதில் கண்மூடும்வரை தன் வசமே வைத்திருந்த அது, இன்று பாரீஸில் பிக்காஸோ மியூசியத்தில் இருக்கிறது. 1907-இன் கதையை அடுத்த வாரம் தொடங்குவோம்.