வெள்ளத்தின் விலை – 5: தலைமடையின் கோபம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரத்து மக்களைச் சென்ற வாரம் பரண்களில் விட்டுவிட்டு வந்தோம். 1913 மார்ச் 25. ஈஸ்டர் ஞாயிறன்று பிடித்த மழை ஓயவில்லை. கிரேட் மயாமி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிட்டது. கடைவீதியில் சில இடங்களில் 20 அடித் தண்ணீர். கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு, 'இந்த முறை பிழைத்தால் இனி இப்படி நடக்க விடமாட்டோம்' என்று சொல்லிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்தபோது அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் 360 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

பரணில் சொன்னதை ஊர் மறக்கவில்லை. மே மாதம் வசூல் தொடங்கியது. டேட்டன், கடைகளில் காசு வாங்கிப் போடும் கேஷ் ரெஜிஸ்டர் இயந்திரங்கள் அன்று செய்துவந்த ஊர். அந்த இயந்திரத்தைப் போலவே ராட்சத உருவம் செய்து, பழைய நீதிமன்றக் கட்டடத்தின் முன் நிறுத்தி, சேர்ந்த தொகையை அதில் காட்டினார்கள். வீட்டுக்குள் இன்னும் சேறு காயாதவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பத்தே நாட்களில் 20 லட்சம் டாலருக்கு மேல் தருவதாக மக்கள் எழுதிக்கொடுத்தார்கள். அரசாங்கம் வந்து செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பணத்துக்கு வழி பிறந்தது. இனி ஆற்றை என்ன செய்வது?

அதற்காக அழைக்கப்பட்டவர் ஆர்தர் மார்கன். கல்லூரிப் பட்டம் இல்லாமல், வேலை செய்தே பொறியியல் கற்றவர். அவருடைய ஆட்கள் பள்ளத்தாக்கு முழுக்க நடந்து, சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன கறைகளைத் தேடித் தேடி அளந்தார்கள். கணக்கு வயிற்றைக் கலக்கியது. நகருக்குள் ஆறு தாங்கக்கூடியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் வந்திருந்தது. அவ்வளவையும் கரைக்குள் அடக்க ஆற்றை அகலப்படுத்தினால் பாதி ஊரை இடிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே வெள்ளத்தை ஊருக்கு மேலேயே மடக்க வேண்டும் என்றார் மார்கன். அவர் சொன்னவை 'வறண்ட அணைகள்'. மண்ணைக் கொட்டி உயரமாக எழுப்பிய கரை. அதன் அடியில் கதவே இல்லாத கான்கிரீட் வழி. சாதாரண நாளில் ஆறு அதன் வழியே தன் போக்கில் ஓடும். பெருவெள்ளம் வந்தால் அந்த வழி விடுகிற அளவுக்குத்தான் தண்ணீர் கீழே போகும். மிச்சம் பின்னால் தேங்கி, சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், வடிந்துவிடும். மற்ற காலமெல்லாம் அங்கே விவசாயம் செய்யலாம். திறக்க மூட ஆள் வேண்டாம், அசட்டையாக இருந்து கெடுக்கவும் ஆள் இல்லை. பிரான்சில் லுவார் ஆற்றின் குறுக்கே 1711-இல் கட்டிய பினே அணை இந்த வேலையை முன்பே செய்து காட்டியிருந்தது.

இப்படி ஐந்து அணைகள். சேதி வடக்கே எட்டியதும் புகையத் தொடங்கியது.

டேட்டனுக்கு ஏறக்குறைய 40 மைல் வடக்கே ஷெல்பி கவுண்டி. (கவுண்டி என்பது அங்கே நம் மாவட்டம் மாதிரி.) அங்கும், அதற்குத் தெற்கே மயாமி கவுண்டியிலும் விவசாயிகள் கொதித்தார்கள். நம் பக்கம் தலைமடைக்காரன் தண்ணீரை விடவில்லை என்று கடைமடைக்காரன் சண்டைக்குப் போவான். அங்கே கடைமடை, 'தண்ணீரை நீயே வைத்துக்கொள்' என்று தலைமடையைக் கேட்டது! டேட்டன் பணக்காரர்களின் கடைகளைக் காப்பாற்ற எங்கள் நிலம் ஏன் முழுக வேண்டும்? அணை உடைந்தால் யார் பொறுப்பு? 1889-இல் ஜான்ஸ்டவுனில் அணை உடைந்து 2,200 பேருக்கு மேல் செத்து 25 வருடம்கூட ஆகவில்லையே?

இந்தக் கேள்விகளைக் கேட்டவர்களை வில்லன்களாகக் காட்டும் எழுத்துகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அணைகளுக்குப் பின்னால் தண்ணீர் ஏறக்கூடிய நிலம் சுமார் 35,000 ஏக்கர். பாட்டன் காலத்திலிருந்து உழுத மண்ணின் மீது, கேட்காமல் கோடு போட்டால் எந்த விவசாயிதான் சும்மா இருப்பான்?

பதிலைச் சட்டமாக எழுதியவர் ஜான் மெக்மேஹன். 80 வயது வழக்கறிஞர். கவுண்டி எல்லைகளைப் பாராமல், ஆற்றின் வடிநிலம் முழுவதையும் ஒரே அமைப்பாக்க வழி செய்தார். மேற்பார்வைக்குத் தனி நீதிமன்றம். அதில் கவுண்டிக்கு ஒரு நீதிபதி. ஆகவே டேட்டன் நினைத்ததைத் தானே முடித்துக்கொள்ள முடியாது. மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு சொத்தாகப் பார்த்து, யாருக்கு எவ்வளவு நன்மை, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எழுத வேண்டும். நஷ்டப்படுபவருக்கு ஈடு. நன்மை அடைபவர் அதற்கேற்பப் பங்கு தர வேண்டும். அடையும் நன்மைக்கு மேல் ஒரு காசும் கேட்கக் கூடாது. பின்னாளில் இந்த மதிப்பீட்டுக்கு அளவுகோலானது 1913 வெள்ளம்தான். உங்கள் வீட்டில் அன்று தண்ணீர் எவ்வளவு ஏறியது? அதையும் சொத்தின் மதிப்பையும் வைத்துத்தான் உங்கள் பங்கு. கழுத்தளவு நின்றவரும் கணுக்காலளவு நின்றவரும் ஒரே தொகை கட்டுவது நியாயமில்லை அல்லவா? செலவைப் பகிர இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன்.

1914 பிப்ரவரியில் ஒஹையோ ஆளுநர் ஜேம்ஸ் காக்ஸ் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அங்கேதான் வினை. காக்ஸ் டேட்டன்காரர், அந்த ஊரில் பத்திரிகை நடத்தியவர். 'தன் ஊருக்காகச் சட்டம் போட்டுக்கொண்டார்' என்று வடக்கே பேச்சு எழ அது போதாதா?

அந்த நவம்பரில் தேர்தல். காக்ஸ் தோற்றார்.

1915 தொடக்கத்தில் புதிய சட்டமன்றம் கூடியது. மெக்மேஹனின் சட்டத்தைக் குலைக்கும் மசோதாவோடு வந்து உட்கார்ந்தார்கள் எதிர்ப்பாளர்கள். அதுவரை ஓர் அணைக்குக்கூட மண் வெட்டவில்லை.

(தொடரும்)